ஃபிங்கர் சாண்ட்விச்: தேநீர் விருந்துக்குச் செய்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சாயங்காலம் நாலு மணிக்கு டீக்கு வாங்க என்று பத்துப் பேரைக் கூப்பிட்டாயிற்று. கேக் வாங்கிக்கொள்ளலாம், பிஸ்கட் வாங்கிக்கொள்ளலாம், சாண்ட்விச்சை மட்டும் வீட்டிலேயே செய்துவிடலாம் என்று ஒரு துணிச்சல். அங்கேதான் சந்தேகங்கள் ஆரம்பிக்கும். பார்க்க இத்தனூண்டுதான், ஆனால் பரிமாறும் நேரத்தில் ஓரம் காய்ந்து நிமிர்ந்துகொள்ளும், இல்லாவிட்டால் நடுப்பகுதி ஊறிப்போய் கையிலேயே பிய்ந்துவிடும். கீழே இருக்கும் பதில்களில் பாதிக்கு மேல் இந்த ஈரத்தைப் பற்றித்தான் சுற்றிச் சுற்றி வரும். ஏனென்றால் இந்தப் பண்டத்தில் சிரமமே அது ஒன்றுதான்.

சாதாரண சாண்ட்விச்சைச் சின்னதாக வெட்டினால் அது ஃபிங்கர் சாண்ட்விச்தானே?

வெட்டலாம், ஆனால் அது அதே மாதிரி இருக்காது. சாதாரண சாண்ட்விச் பசிக்குச் சாப்பிடுவது. இது பேச்சுக்கு நடுவே சாப்பிடுவது. ஒரு கையில் டீ கோப்பையும் சாஸரும் இருக்கும், மற்றக் கையால் எடுத்து இரண்டு மூன்று கடியில் முடித்துவிட வேண்டும், வாயை அகலத் திறக்கக் கூடாது, உடையில் எதுவும் சிந்தக் கூடாது. இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்ற விதிகள் எல்லாம் தானாகப் புரியும். பிரெட் மெல்லிசு, ஓரம் கிடையாது, உள்ளே வைப்பதும் மெல்லிசு, வழுக்கிக்கொண்டு வெளியே வரும் எதுவும் கூடாது. அளவு என்று கேட்டால் 3 செ.மீ. அகலம், 8 அல்லது 9 செ.மீ. நீளம். அதற்கு மேல் போனால் விரல் இல்லை, உள்ளங்கை.

இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது?

இங்கிலாந்திலிருந்து. 1840 வாக்கில் பெட்ஃபோர்டின் ஏழாவது டியூக்கின் மனைவி அன்னா என்பவர், மதியச் சாப்பாட்டுக்கும் இரவு எட்டு மணி விருந்துக்கும் நடுவில் பசி தாங்காமல் டீயும் ரொட்டியும் வெண்ணெயும் கேட்டு வாங்கிச் சாப்பிட ஆரம்பித்தார், அப்புறம் தோழிகளையும் கூப்பிட்டார் என்று சொல்வார்கள். சாண்ட்விச் என்ற பெயர் அதற்கும் முந்தையது. 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஜான் மான்டேகு, சாண்ட்விச் என்ற ஊரின் பெயரைப் பட்டமாகக் கொண்ட நான்காவது ஏர்ல். அவர் சூதாட்ட மேசையை விட்டு எழ மனமில்லாமல் ரொட்டிக்கு நடுவே இறைச்சி வைத்துக் கேட்டார் என்பது பிரபலமான கதை. சூதாட்டம் இல்லை, அலுவலக மேசைதான் என்று அவருக்காக வாதாடுபவர்களும் உண்டு.

'ஹை டீ' என்பதும் இதுதானா?

இல்லை. ஹோட்டல்கள் இரண்டையும் கலந்து எழுதியே நம்மைக் குழப்பிவிட்டன. ஹை டீ என்பது இங்கிலாந்தில் உழைக்கும் குடும்பங்கள் வேலை முடித்து வந்து, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, சூடான இறைச்சி அல்லது மீனோடு சாப்பிட்ட மாலை உணவு. வயிறு நிறையச் சாப்பிடுவது. ஃபிங்கர் சாண்ட்விச்சுக்கு அங்கே வேலை இல்லை.

எந்த பிரெட் வாங்குவது?

மென்மையான, துளைகள் நெருக்கமாக இருக்கும் சதுர சாண்ட்விச் பிரெட். வெள்ளை ஒன்று, கோதுமை பிரெட் ஒன்று என்று இரண்டும் வாங்கினால் தட்டில் பார்க்க நன்றாக இருக்கும். ஒரே சாண்ட்விச்சில் மேலே வெள்ளை, கீழே பழுப்பு என்றும் வைக்கலாம். புளித்த மாவில் செய்த, பெரிய பெரிய ஓட்டைகள் இருக்கும் பிரெட் சாப்பிட அருமையானதுதான், ஆனால் இதற்கு வேண்டாம். ஓட்டை வழியாக உள்ளே இருப்பது எட்டிப் பார்க்கும், மேல்தோலை மெல்லவே நேரம் போதாது.

அன்றைக்குக் காலையில் சுட்டு இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும் பிரெட் கத்தி பட்டவுடன் நசுங்கும். முந்தைய நாள் பிரெட் சரியாக இருக்கும். அதற்காக மூன்று நாள் பழையதை எடுத்துக்கொண்டு வராதீர்கள்.

கடையில் துண்டு போட்டு வரும் பிரெட் தடிமனாக இருக்கிறதே?

ஆமாம், பெரும்பாலும் ஒரு செ.மீ.க்கு மேலேயே இருக்கும். நமக்கு வேண்டியது அதில் முக்கால் பங்கு, முடிந்தால் பாதி. மெல்லிசாக வெட்டியது என்று போட்டிருக்கும் பாக்கெட் கிடைத்தால் அதை எடுங்கள். கிடைக்காவிட்டால் துண்டு போடாத முழு பிரெட்டை வாங்கி, ஃப்ரீசரில் அரை மணி நேரம் வைத்து, கொஞ்சம் விறைத்ததும் ரம்பம் போல் பல் இருக்கும் கத்தியால் அறுங்கள். மென்மையான பிரெட் வெட்டும்போது அமுங்குவதால்தான் கோணலாகிறது. விறைத்துவிட்டால் அமுங்காது.

இன்னொரு பழைய வழி இருக்கிறது, எனக்கு ரொம்பப் பிடித்தது. முழு பிரெட்டின் ஒரு முனையை வெட்டி எறிந்துவிட்டு, வெட்டிய முகத்தில் முதலில் வெண்ணெயைத் தடவுவது, பிறகு அந்தத் துண்டை அறுப்பது. மறுபடி தடவு, மறுபடி அறு. பிரெட் முழுசாக இருப்பதால் தடவும்போது கிழியாது, வெண்ணெய் பிடித்துக்கொள்வதால் மெல்லிய துண்டும் உதிராது. துண்டு போட்ட பிரெட் விற்பனைக்கு வந்ததே 1928இல்தான், அமெரிக்காவில் ஓட்டோ ரோவெடர் செய்த இயந்திரத்தால். அதுவரைக்கும் எல்லா வீடுகளிலும் கத்தியும் கைப்பழக்கமும்தான்.

வெண்ணெய் அவசியமா? மயோனைஸ் மட்டும் தடவினால் போதாதா?

போதாது, இதில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். வெண்ணெய் இங்கே ருசிக்காக மட்டும் இல்லை. அதில் 80 சதவீதத்துக்குக் குறையாமல் கொழுப்பு இருக்கிறது. இருக்கும் கொஞ்சம் தண்ணீரும் சின்னச் சின்னத் துளிகளாகக் கொழுப்புக்குள் அடைபட்டிருக்கிறது. பிரெட்டின் மேல் அது ஒரு படலமாகப் படிந்தால் வெள்ளரிக்காயின் தண்ணீர் பிரெட்டுக்குள் இறங்க முடியாது. மயோனைஸ் அப்படியே தலைகீழ். எண்ணெய்த் துளிகள் தண்ணீருக்குள் மிதக்கின்றன, அதாவது வெளிப்புறம் இருப்பது தண்ணீர். எத்தனை கெட்டியாகத் தெரிந்தாலும் பிரெட்டை ஊறவைக்கும். மயோனைஸ் சேருங்கள், வெண்ணெய்க்கு மேலே சேருங்கள்.

தடவும் முறைக்கு வருவோம். ஃப்ரிட்ஜிலிருந்து ஒரு மணி நேரம் முன்பே வெளியே எடுத்து வைத்து, விரல் வைத்தால் குழி விழும் பதத்துக்கு வந்ததும் தடவுங்கள். அவசரத்துக்கு உருக்கிவிடாதீர்கள், உருகிய வெண்ணெய் படலமாக நிற்காமல் பிரெட்டுக்குள் இறங்கிவிடும். இரண்டு துண்டுகளிலும், ஓரத்திலிருந்து ஓரம் வரை, இடைவெளி விடாமல். வெட்டி எறியப் போகும் ஓரத்துக்கு எதற்கு என்று நினைத்து நடுவில் மட்டும் தடவினால், வெட்டிய பிறகு மேலும் கீழும் ஒட்டாமல் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும்.

பால் பொருள் சாப்பிடாதவர்களுக்குப் பால் கலக்காத, தாவர எண்ணெயில் செய்த மார்ஜரின் சரியான மாற்று. அதுவும் தண்ணீரைக் கொழுப்புக்குள் அடைத்து வைப்பதுதான்.

வெள்ளரிக்காய் சாண்ட்விச் ஒவ்வொரு தடவையும் சொதசொதவென்று ஆகிறது. ஏன்?

ஏனென்றால் வெள்ளரிக்காயில் கிட்டத்தட்ட 95 சதவீதம் தண்ணீர். அதை முதலிலேயே வெளியேற்றாமல் வைத்தால், நீங்கள் வெள்ளரிக்காய் வைக்கவில்லை, ஒரு கரண்டி தண்ணீரை மறைத்து வைத்திருக்கிறீர்கள்.

விதை சின்னதாக இருக்கும் இளசான காயாக எடுங்கள். தோல் கசந்தாலோ தடித்திருந்தாலோ சீவிவிடுங்கள், மெல்லிய தோலாக இருந்தால் கோடு கோடாக விட்டுச் சீவினால் அழகாக இருக்கும். விதைப்பகுதி பெரிதாக இருந்தால் நீளவாக்கில் பிளந்து ஸ்பூனால் வழித்துவிட வேண்டியதுதான். பிறகு 2 மி.மீ. அளவுக்கு வட்டமாக நறுக்கி, வடிதட்டில் பரப்பி, ஒரு காய்க்கு அரை டீஸ்பூன் உப்பைத் தூவி 20 நிமிடம் அப்படியே விடுங்கள். உப்பு தண்ணீரை வெளியே இழுத்துவிடும். கீழே தேங்கியிருப்பதைப் பார்த்தால் உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும். அப்புறம் முக்கியமான வேலை: சுத்தமான துணியில் ஒரே அடுக்காகப் பரப்பி, மேலே இன்னொரு துணி போட்டு, உள்ளங்கையால் அழுத்தி ஒற்றி எடுக்க வேண்டும். பிழியக் கூடாது, பிழிந்தால் துண்டுகள் துவண்டு சுருண்டுவிடும். சரியாக ஒற்றிய துண்டை விரலில் எடுத்து வளைத்தால் உடையாமல் வளையும், கையில் ஈரம் ஒட்டாது, அந்தப் பக்கம் இருக்கும் வெளிச்சம் லேசாகத் தெரியும்.

இப்போது ஒரு துண்டு வாயில் போட்டுப் பாருங்கள். உப்பு ஏறியிருந்தால் உப்பில்லாத வெண்ணெய், இல்லையென்றால் உப்பு வெண்ணெய். வட்டங்களை ஒன்றின் மேல் ஒன்று பாதி ஏறியபடி இரண்டு அடுக்கு வைத்து, வெள்ளை மிளகுத்தூள் தூவி மூடுங்கள். பொடியாக நறுக்கிய புதினாவை வெண்ணெயிலேயே குழைத்துத் தடவலாம். எலுமிச்சைச் சாறு பிழிய வேண்டும் என்று தோன்றும், பிழியாதீர்கள். இப்போதுதானே தண்ணீரை வெளியேற்றினோம். எலுமிச்சைத் தோலைத் துருவி வெண்ணெயில் கலந்தால் அதே மணம் கிடைக்கும்.

முட்டை ஃபில்லிங் எந்தப் பதத்தில் இருக்க வேண்டும்?

ஸ்பூனில் எடுத்துக் கவிழ்த்தால் விழாமல் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். கொதிக்கும் தண்ணீரில் முட்டையை இறக்கி 10 நிமிடம், உடனே ஐஸ் தண்ணீர். அதிக நேரம் வெந்தால் மஞ்சள் கருவைச் சுற்றிப் பச்சையாக ஒரு வளையம் வரும். வெள்ளைக் கருவில் இருக்கும் கந்தகமும் மஞ்சள் கருவில் இருக்கும் இரும்பும் சேர்ந்து செய்யும் வேலை அது. சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது, ஆனால் பிரெட்டுக்கு நடுவில் பார்க்கச் சகிக்காது.

மஞ்சளையும் வெள்ளையையும் தனித்தனியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஆறு முட்டையின் மஞ்சளை மூன்று டேபிள்ஸ்பூன் மயோனைஸ், கொஞ்சம் வெண்ணெய், உப்பு, மிளகு, ஒரு துளி கடுகு விழுதோடு நன்றாகக் குழைத்து, பிறகு பொடியாக நறுக்கிய வெள்ளைக் கருவைச் சேருங்கள். இப்படிச் செய்தால் மயோனைஸ் குறைவாகவே போதும், மஞ்சள் கருவே பிடிப்பைக் கொடுத்துவிடும். இங்கிலாந்தில் இதோடு கிரெஸ் என்ற சின்ன இலையைப் போடுவார்கள், லேசாகக் காரமாக இருக்கும். கிடைக்காவிட்டால் வெங்காயத்தாளின் பச்சைப் பகுதி, பொடியாக. ஆறு முட்டைக்கு ஆறு முழு சாண்ட்விச், அதாவது பதினெட்டு விரல் துண்டுகள் வரும்.

வேறு என்னென்ன வைக்கலாம்?

புகையூட்டிய சால்மன் மீனும் க்ரீம் சீஸும், கூடவே சோயிக்கீரையும் (டில்) மிளகும். இது கிட்டத்தட்ட தோற்கவே தோற்காத ஜோடி. ஹாம் (பதப்படுத்திய பன்றி இறைச்சி) வைத்தால் வெண்ணெயிலேயே கடுகு விழுதைக் கலந்துவிடுங்கள். செடார் சீஸ் என்றால் பாளமாக வைக்காமல் துருவி, கொஞ்சம் வெண்ணெயோடு பிசைந்து தடவுங்கள், அப்போதுதான் கடிக்கும்போது முழுப் பாளமும் உருவிக்கொண்டு வராது. இனிப்பும் புளிப்பும் கலந்த பழத் தொக்கு அதற்கு நல்ல துணை, ஆனால் மெல்லிசாக, கெட்டியான பகுதியை மட்டும்.

கோழி வேண்டும் என்றால் கரோனேஷன் சிக்கன் இருக்கிறது. 1953இல் இரண்டாம் எலிசபெத் முடிசூடியபோது நடந்த விருந்துக்காக ரோஸ்மேரி ஹியூமும் கான்ஸ்டன்ஸ் ஸ்ப்ரையும் உருவாக்கியது. ஆறவைத்த கோழி, மயோனைஸ், கறிமசால் பொடி, ஆப்ரிகாட் பழக்கூழ். சாண்ட்விச்சுக்கு என்றால் கோழியைப் பொடியாக உதிர்த்து, சாஸ் குறைத்துச் செய்ய வேண்டும்.

சைவம் மட்டும் என்றால் வெள்ளரிக்காய் தவிர, சுட்டுத் தோலுரித்த சிவப்புக் குடைமிளகாயைத் துணியில் ஒற்றி க்ரீம் சீஸோடு வைக்கலாம், துருவிப் பிழிந்த கேரட்டை அதே க்ரீம் சீஸில் கலக்கலாம். தக்காளியைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். விதையும் சாறும் முழுக்க எடுத்துவிட்டுச் சதையை மட்டும் வைத்தால் அரை மணி நேரம் தாங்கும். என்னைக் கேட்டால் தக்காளியை விட்டுவிடுங்கள்.

எத்தனை வகை செய்வது?

மூன்று. ரொம்ப ஆசையாக இருந்தால் நாலு. ஏழெட்டு வகை செய்பவர்கள் விருந்தினர் வரும்போது சமையலறையில்தான் இருப்பார்கள்.

ஆளுக்கு எத்தனை? பிரெட் எவ்வளவு வாங்குவது?

கேக், ஸ்கோன் என்ற குட்டி பன் எல்லாம் இருந்தால் ஆளுக்கு நாலிலிருந்து ஆறு விரல் துண்டுகள். சாண்ட்விச் மட்டும்தான் என்றால் எட்டு. பன்னிரண்டு பேருக்கு ஆளுக்கு ஐந்து என்று வைத்துப் பார்ப்போம். 60 துண்டுகள். ஒரு முழு சாண்ட்விச்சில் மூன்று வரும், ஆக 20 சாண்ட்விச், 40 பிரெட் துண்டுகள். ஒரு துண்டுக்கு ஒரு டீஸ்பூன், அதாவது 5 கிராம் வெண்ணெய் என்றால் 200 கிராம். பிரெட் பாக்கெட்டை எண்ணும்போது இரண்டு முனைத் துண்டுகளையும் கழித்துவிடுங்கள், கிழிந்துபோகிறவற்றுக்காக நாலு துண்டு கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். வகைகளைச் சமமாகப் பிரிக்க வேண்டியதில்லை. முட்டைதான் முதலில் தீரும், எப்போதும்.

ஓரத்தை முதலில் வெட்டுவதா, கடைசியிலா?

கடைசியில். முதலிலேயே வெட்டினால் தடவும்போது பிரெட் கிழியும், மேல் துண்டும் கீழ்த் துண்டும் அளவு ஒத்துப்போகாது. எல்லாவற்றையும் உள்ளே வைத்து மூடி, லேசாக உள்ளங்கையால் அழுத்தி, காற்று புகாமல் சுற்றி 20 நிமிடம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். வெண்ணெய் இறுகி எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு வெட்டினால் ஓரத்தில் அடுக்குகள் தெளிவாகத் தெரியும்.

வெட்டும் விதத்தில்தான் வித்தியாசமே. கத்தியை அழுத்தாமல் முன்னும் பின்னும் அறுக்க வேண்டும். இடது கையின் விரல்களைப் பரப்பி பிரெட்டின் மேல் வைத்துக்கொள்ளலாம், அழுத்தக் கூடாது. முதலில் நாலு ஓரமும், பிறகு மூன்று விரல்களாக. ஒவ்வொரு வெட்டுக்கும் பிறகு ஈரத்துணியில் கத்தியைத் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் முட்டையின் மஞ்சள் அடுத்த வெள்ளை பிரெட்டில் கோடு போடும். ஒரே சமயத்தில் இரண்டு சாண்ட்விச் வரை அடுக்கி வெட்டலாம். அதற்கு மேல் அடுக்கினால் கீழே இருப்பது நசுங்கும்.

முக்கோணமாக வெட்டக் கூடாதா?

தாராளமாக. பெயர் மட்டும்தான் மாறும். மூலைவிட்டமாக இரண்டு தடவை வெட்டினால் நாலு முக்கோணம் வரும். ஆனால் நுனிகள் சீக்கிரம் காயும், அதனால் பரிமாறும் நேரத்தில் வெட்டுங்கள்.

வெட்டி எடுத்த ஓரங்களை என்ன செய்வது?

ஓவனில் குறைந்த சூட்டில் உலர்த்திப் பொடித்தால் பிரெட் தூள். வெண்ணெயும் பூண்டும் பிரட்டி வறுத்தால் சூப்பில் போடலாம். மீன், முட்டை ஒட்டியதை மட்டும் எடுத்து வைக்காதீர்கள்.

எவ்வளவு நேரம் முன்னதாகச் செய்து வைக்கலாம்?

ஃபில்லிங்குகளை முந்தைய நாளே செய்யலாம், முட்டையும் கோழியும் ஒரு ராத்திரி இருந்தால் இன்னும் ருசிதான். சாண்ட்விச்சாக அடுக்குவது அன்று காலையில். வெள்ளரிக்காயை மட்டும் கடைசி இரண்டு மணி நேரத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. முட்டை, மீன், கோழி வைத்தால் ஃப்ரிட்ஜில்தான் வைத்தாக வேண்டும். ஆனால் பிரெட் வெளியே இருப்பதைவிட ஃப்ரிட்ஜில்தான் வேகமாக விறைக்கும். காய்ந்து போவதால் மட்டும் இல்லை. வெந்தபோது குழைந்த மாவுச்சத்து மெதுவாக மறுபடி இறுகிப் படிகமாகிறது, அந்த வேலை குளிரில் வேகமாக நடக்கிறது. அதைத் தடுக்க முடியாது, தள்ளிப்போடலாம். ஓரத்தை வெட்டாமல் முழு சாண்ட்விச்சாகவே வையுங்கள், ஓரமே ஒரு வேலியாக இருந்து உள்ளே காயாமல் பார்த்துக்கொள்ளும். மேலே பேக்கிங் தாள், அதற்கு மேல் நன்றாகப் பிழிந்த ஈரத்துணி, எல்லாவற்றுக்கும் மேலே ஒட்டும் பிளாஸ்டிக் உறை. ஈரத்துணி பிரெட்டில் நேரடியாகப் படக் கூடாது, பட்ட இடம் பசையாகிவிடும். பரிமாறுவதற்கு 15 நிமிடம் முன்பு வெளியே எடுத்தால் வெண்ணெய் இளகி, பிரெட்டும் கொஞ்சம் மென்மையாகும்.

ஃப்ரீசரில் வைக்கலாமா?

சீஸ், ஹாம், க்ரீம் சீஸ் வைத்ததை வைக்கலாம். வேகவைத்த வெள்ளைக் கரு ரப்பராகிவிடும், மயோனைஸ் திரிந்து எண்ணெய் பிரியும், வெள்ளரிக்காய் கூழாகும். ஆக உங்களுக்குப் பிடித்த எதையும் வைக்க முடியாது.

வெளியே எவ்வளவு நேரம் இருக்கலாம்?

இரண்டு மணி நேரம். 32 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெயில் இருந்தால் ஒரு மணி நேரம்தான். தோட்டத்தில் விருந்து வைப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும், பேச்சு சுவாரசியத்தில் நேரம் போவதே தெரியாது. எல்லாவற்றையும் ஒரே தடவையில் தட்டில் அடுக்காமல் பாதியை ஃப்ரிட்ஜிலேயே விட்டுவிட்டு, முதல் தட்டு காலியானதும் அடுத்ததைக் கொண்டுவாருங்கள். இரண்டாவது தட்டும் முதல் தட்டு போலவே புதிதாக இருக்கும்.

மூன்று அடுக்குத் தட்டு இல்லையே?

வேண்டாம், சாதாரணத் தட்டு போதும். இருந்தால் கீழ் அடுக்கில் சாண்ட்விச், நடுவில் ஸ்கோன், மேலே கேக். சாப்பிடுவதும் கீழிருந்து மேலே, உப்பில் ஆரம்பித்து இனிப்பில் முடிப்பது. தட்டில் அடுக்கும்போது வெட்டிய பக்கம் வெளியே தெரியும்படி, நெருக்கமாக வையுங்கள். நெருக்கமாக இருந்தால் காற்றுப் படும் இடமும் குறைவு. கையால்தான் எடுத்துச் சாப்பிட வேண்டும், முள்கரண்டி வைத்தால் விருந்தினர் குழம்பிப்போவார்கள்.

எந்த டீ?

பால் சேர்த்த திடமான அசாம் அல்லது சிலோன் டீ, முட்டைக்கும் ஹாமுக்கும். வெள்ளரிக்காய்க்கு டார்ஜிலிங், பால் இல்லாமல். புகையூட்டிய மீன் வைத்திருந்தால் புகை மணம் கொண்ட லாப்சாங் சூச்சாங்கை ஒரு தடவை முயன்று பாருங்கள், பிடித்தவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும், பிடிக்காதவர்கள் அறையை விட்டே போய்விடுவார்கள். ஒரே டீதான் என்றால் கறுப்பாகவே கொஞ்சம் திடமாகப் போடுங்கள். அதன் துவர்ப்பு நாக்கில் படிந்த வெண்ணெயைத் துடைத்துவிடும், அடுத்த துண்டை எடுக்கத் தோன்றும்.

விருந்தினருக்கு ஒவ்வாமை இருந்தால்?

கூப்பிடும்போதே கேட்டுவிடுங்கள். கோதுமை, பால், முட்டை, மீன், கடுகு, எள் என்று பல பேருக்கு ஆகாத எல்லாமே இந்த ஒரு தட்டில் சேர்ந்துவிடும். வகைக்கு ஒரு சின்ன அட்டையில் பெயர் எழுதி வையுங்கள், ஏனென்றால் மூடிய சாண்ட்விச்சுக்குள் என்ன இருக்கிறது என்று வெளியே தெரியாது. கர்ப்பிணிகள் இருந்தால் புகையூட்டிய சால்மனைச் சமைக்காமல் அப்படியே கொடுக்க வேண்டாம், லிஸ்டீரியா கிருமி பயம் இருக்கிறது.

குளூட்டன் (கோதுமையில் இருக்கும் புரதம்) இல்லாத பிரெட் சீக்கிரம் உதிரும். விரலாக வெட்டாமல் பெரிய சதுரமாக, கடைசி நிமிடத்தில் செய்யுங்கள். பலகை, கத்தி, வெண்ணெய் எல்லாம் தனியாக. முக்கியமாக வெண்ணெய், ஏனென்றால் அதில்தான் பிரெட் துகள் ஒட்டியிருக்கும், யாரும் கவனிப்பதில்லை.

தனியாளாகச் செய்கிறேன். எதை எப்போது செய்வது?

நாலு மணிக்கு விருந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். முந்தைய நாள் முட்டை ஃபில்லிங்கும் கோழியும். அன்று காலை பத்து மணிக்கு வெண்ணெயை வெளியே எடுங்கள், பதினொன்றுக்குப் பிரெட்டை எல்லாம் மேசையில் ஜோடி ஜோடியாகப் பரப்பிவிட்டு, முதலில் எல்லாத் துண்டுக்கும் வெண்ணெய், அப்புறம் ஒவ்வொரு வகையாக ஃபில்லிங். ஒரு சாண்ட்விச்சை முழுசாக முடித்துவிட்டு அடுத்ததுக்குப் போவது நேர விரயம். சுற்றி ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுக் குளித்துச் சாப்பிட்டு ஓய்வெடுங்கள். இரண்டரைக்கு வெள்ளரிக்காயில் உப்பு, மூன்றுக்கு ஒற்றி அடுக்கிக் கொஞ்ச நேரம் ஃப்ரிட்ஜ், மூன்றரைக்குக் கத்தியை எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் வெட்டி, தட்டில் வைத்து மூடிவிட்டால் அடுப்பில் தண்ணீர் வைக்க நேரம் சரியாக இருக்கும்.

மீந்துவிட்டால்?

மேசையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்த முட்டை, மீன், கோழி எல்லாம் குப்பைக்கு, யோசிக்கவே வேண்டாம். ஃப்ரிட்ஜிலேயே இருந்த இரண்டாவது தட்டு மீந்தால் அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஆயிற்று. சீஸும் ஹாமும் வைத்தது மறுநாள் காலை விறைத்திருக்கும். வெளியே வெண்ணெய் இருக்கத் தேவையில்லை, காய்ந்த தோசைக்கல்லில் மிதமான சூட்டில் இரண்டு பக்கமும் போட்டு எடுத்தால் மாவுச்சத்து மறுபடி இளகி பிரெட் மென்மையாகும், உள்ளே சீஸ் உருகும்.